வாசலில் படுத்திருப்பவை

மூக்கையூர்க் குடிநீர் நிலையத்தில்
மூன்றாவது தொட்டி கரித்தொட்டி.
அதன் வயிற்றில் நான் ஒட்டிய தாளில்
கரி மாற்றிய தேதி, அடுத்து மாற்றவேண்டிய தேதி.
இடையில் ஒரு வருஷம் ஓடவேண்டும்.
ஏழாம் மாசமே
டீக்கடை சவேரியான் குடத்தை இறக்கிவைத்துச் சொன்னான்:
'சலேத்தக்கா, தண்ணியில மொளகாக்காட்டு வாடை.'

ஊருணிக்கு மேற்கே குண்டுமிளகாய்.
பூச்சிமருந்து அடிக்கிறார்கள், மழை வந்து கழுவுகிறது,
எல்லாம் எங்களிடம்தான் இறங்கும்.
அதற்குத்தானே கரி?
நான் அவனை நம்பவில்லை.

கரி எனக்குத் தெரியும்.
சாயல்குடிச் சாலையில்
சீமைக்கருவேலம் மண்ணுக்கடியில் புகைந்துகிடக்கும்
மூட்டங்களைத் தாண்டித்தான் தினமும் வருகிறேன்.
அது அடுப்புக்கு.
இது சிரட்டையைச் சுட்டு,
சுட்டதை மறுபடி நீராவியில் வாட்டி
உடம்பெல்லாம் ஓட்டை போட்ட கரி.
ஒரு கிராமை விரித்தால்
ஏழெட்டுக் கபடிக்களம் என்றார்கள் பயிற்சியில்.
விரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

காரைக்குடியிலிருந்து நாச்சம்மை வந்தாள்,
கையுறை, இரண்டு டஜன் பாட்டில்,
ஐஸ் பெட்டிக்குள் மதியச் சாப்பாடும்.
தொட்டியைத் திறந்து ஒரு பிடி கரி எடுத்துப் போனாள்.
மூன்று வாரம் கழித்துப் போனில்:
'கரி தீந்துபோகலக்கா.
உள்ள ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கு.
வாசல்லதான் ஆள் படுத்திருக்கு.'

ஏர்வாடியில் சந்தனக்கூடு அன்று பார்த்திருக்கிறேன்.
மாடியில் இடமிருக்கும்.
கதவுக்குள் நுழையாத மூட்டையோடு ஒருவர்
படிக்கட்டிலேயே உறங்கிவிடுவார்.
பின்னால் வந்த குடும்பம்
கைக்குழந்தையோடு மணலுக்குத் திரும்பிப் போகும்.

இங்கே பின்னால் வந்தது பூச்சிமருந்து.
அது மணலுக்குப் போகவில்லை,
குடத்துக்குப் போனது.

'படுத்திருக்கது யாரு?'
'வெள்ளி' என்றாள்.

பொங்கலுக்கு மறுநாள்
ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து
இரண்டாவது தொட்டிக்குள் மாட்டினார்களே,
வெள்ளித் துகள் பூசிய குழல்,
கிருமியைக் கொல்லுமென்று.
அட்டையில் பெரிதாக நானோ என்று போட்டிருந்தது.
கார் கம்பெனி போல என்றிருந்தேன்.
குழல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தன்னை உதிர்த்திருக்கிறது.
என் தலைமயிர் ஒன்றின் குறுக்கே
இரண்டாயிரம் துகள் வரிசையில் நிற்குமாம்.
கரியின் வாசலோ
அந்தத் துகளில் இருபதில் ஒரு பங்கு.
உள்ளே போக வழியில்லை,
ஒட்டிக்கொண்டால் விலகவும் தெரியாது.

ஐப்பசியில் மழை கொட்டியது.
ஊருணி கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது,
கரையோர இலைதழையெல்லாம் ஊறி.
சவேரியான் குடித்துப் பார்த்து
'இப்ப பரவால்லக்கா' என்றான்.
நாச்சம்மையைக் கூப்பிட்டேன்.
இலைச்சாறு அந்தத் துகளுக்குச் சட்டை மாட்டிவிடும்,
சட்டை போட்டது கரியில் ஒட்டாது,
மிதந்தபடி தாண்டிப் போய்விடும் என்றாள்.
'புதுக்கரிக்கு நல்லதுதான்.'

'தாண்டி எங்க போகும்?'

போனில் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.
'அத அளக்குற மிஷின் எங்ககிட்ட இன்னும் வரலக்கா.'

அன்றைக்கே குழலைக் கழற்றினேன்.
ஊருணிக் கரையில் போடமுடியாது,
கடலிலும் போடமுடியாது.
செய்தித்தாளில் சுற்றி
என் மேசைக்குக் கீழேயே வைத்திருக்கிறேன்.
கால் நீட்டினால் இடிக்கிறது.

பதிவேட்டில் உப்புக்கு ஒரு கட்டம் உண்டு,
குளோரினுக்கு, கலங்கலுக்கு.
வலது ஓரத்தில் பென்சிலால்
நானாக ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.

காலையில் முதல் டம்ளர் சவேரியானுக்கு.
மிளகாய்க்காடு வந்தால் அவன் நாக்கு சொல்லிவிடும்.
வெள்ளியை எந்த நாக்கும் சொல்லாது.
அவன் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறான்.
நான் பென்சிலை நக்கி எழுதுகிறேன்:
வாடை இல்லை.